தொட்டால் அழுக்காகும் பள்ளிக்கூடம்

வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. தலைமை ஆசிரியரைப் பார்த்தால் மட்டும் கை துறுதுறுக்கிறது என்று தையல் வேலை செய்கிற தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

மனுஷர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்தின் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அதுதான் தொல்லை. தரம் பார்க்க ஆள் வருகிறது என்று தகவல் வந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. போன தடவையே தரம் குறைந்துவிட்டது. இந்தத் தடவையும் குறைந்தால் பள்ளியை மூடிவிட்டு, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். லாரிகள் பறக்கிற சாலை. ஆறு வயசுப் பிள்ளைகள் அதை எப்படித் தாண்டும்? நினைத்தாலே சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக, இருவருக்கும் கவலை ஒன்றுதான். வைத்தியம்தான் வேறு.

முதலில் அவர் கழிப்பறையைத் தேய்த்துக் கழுவிப் பூட்டினார்.

"பிள்ளைங்க எங்க சார் போகும்?"

"வீட்லயே போய்ட்டு வரச் சொல்லுங்க டீச்சர். பளிச்சுன்னு இருக்கு பாருங்க."

அடுத்து, சுவரில் சாயக்கூடாது என்றார். ஊஞ்சல் பலகைக்கு பிளாஸ்டிக் சுற்றினார். கடைசியாக அவள் வகுப்பின் படிப்பு மூலைக்கு வந்தார்.

மூலை என்றால் ஒரு பாய், ஒரு அலமாரி. பிள்ளைகள் புரட்டிப் புரட்டிப் புத்தகங்களின் முனையெல்லாம் மழுங்கியிருக்கும். முதுகு விட்டுப்போனவற்றை அக்காதான் தன் மிஷினில் கெட்டி நூல் கோத்துத் தைத்துக் கொடுப்பாள். அட்டையில் முதலில் ஆணியால் துளை போட்டு, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்ட வேண்டும். அவசரப்பட்டால் ஊசி ஒடிந்துவிடும்.

"என்ன டீச்சர் இது, பழைய பேப்பர் கடையா?" என்றார் தலைமை ஆசிரியர்.

மறுநாள் அலமாரியில் கண்ணாடித்தாள் பிரிக்காத புதுப் புத்தகங்கள் வரிசையாக நின்றன. பழசைக் காணோம்.

"பத்திரமா இருக்கு. வர்றவங்க போனப்புறம் தரேன்."

அதோடு விட்டாரா? ஒத்திகை வேறு. தினமும் வந்து, "எடுத்துப் படி கண்ணு" என்று தேன் ஒழுகச் சொல்வார். நம்பிக் கை நீட்டிய பிள்ளையை மதியம்வரை நிற்க வைப்பார். யார் சொன்னாலும் தொடக்கூடாதாம்.

"அந்த ஆளை ஒரு வாரத்துக்கு எங்கயாவது கட்டிப் போட முடியாதாக்கா?" என்று வீட்டில் கேட்டாள் சின்னவள்.

"கட்டிப் போட்டா, கயிறு அழுக்காயிடும்பாரு. சாப்பிடுடி முதல்ல."

தரம் பார்க்க வந்த அம்மாள் அதிகம் பேசவில்லை. நேராகப் படிப்பு மூலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார். "ஆளுக்கொரு புத்தகம் எடுங்க, பார்க்கலாம்."

ஒருத்தரும் அசையவில்லை. வாயாடி என்று வகுப்பே கூப்பிடும் சிறுமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"படிக்கத் தெரியாதாம்மா?"

"தெரியும். தொடக்கூடாது. தொட்டா அழுக்காயிடும்னு பெரிய சார் சொன்னாரு."

தலைமை ஆசிரியருக்கு வேர்த்தது. "எடு கண்ணு, சும்மா எடு!"

"எடுக்காத, நிக்க வைப்பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்மாள் தன் தாளில் எதையோ எழுதினார். எழுதிய வேகம் சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் கண்ணுக்குள் ஒரு லாரி போனது.

அந்த நேரம் பார்த்து வாயாடி காலைப் பின்னிக்கொண்டு, "டீச்சர், ஒண்ணுக்கு" என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு" என்றார் தலைமை ஆசிரியர்.

அம்மாள் நிமிர்ந்தார். "ஏன் பொறுக்கணும்?"

சாவி எந்தப் பையில் என்று தேடி எடுப்பதற்குள் அந்தப் பிள்ளை ஆடாத ஆட்டம் இல்லை. கதவு திறந்தது. உள்ளே, பளிச்சென்ற தரைமேல், அட்டைப் பெட்டிகளில் பழைய புத்தகங்கள்.

"டீச்சர், நம்ம யானைப் புத்தகம்!"

மொத்த வகுப்பும் பாய்ந்தது. சின்னவள் வாயாடியை அலாக்காகத் தூக்கி உள்ளே விட்டாள். "யானை எனக்கு! யாரும் எடுக்காதீங்க!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தல் வந்தது. மற்றப் பிள்ளைகள் புத்தகங்களை அள்ளி வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டன.

அம்மாள் சற்றுக் கேட்டார். "இதெல்லாம் மனப்பாடமா இருக்கலாம். புதுசு ஒண்ணு படிக்கட்டும்."

புதுசை நீட்டினால், திரும்பி வந்த வாயாடி மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள். சின்னவள் தலைமை ஆசிரியரையே பார்த்தாள். அவர் புத்தகத்தை வாங்கி, கண்ணாடித்தாளைப் பரபரவென்று கிழித்து, வேர்த்த கட்டைவிரலை நடுப்பக்கத்தில் அழுத்தி எடுத்தார்.

"பாரு, நானே அழுக்காக்கிட்டேன். இப்ப படி."

அவள் படித்தாள். ஒரு சொல்லில் தடுக்கினாள், பின்வாங்கினாள், கூட்டிச் சேர்த்துத் தாண்டிப் போனாள்.

முடிவு வந்தது. வாசிப்பில் தரம் ஏறியிருந்தது. கழிப்பறையைக் கிடங்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று அதில் மட்டும் முட்டை. கூட்டிக் கழித்ததில் பள்ளி மூடப்படாமல் அதே இடத்தில் தப்பித்தது.

சின்னவள் நேரே தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்க் கையை நீட்டினாள். அவர் கழிப்பறைச் சாவியை அதில் வைத்தார்.

"அடுத்த தடவை ஆள் வரும்போது மட்டும், முந்தின நாள் ஒரே ஒரு நாள்..."

"சார்!"

"சரி டீச்சர், சரி."