ஞானஸ்நானம் ஒன்று, பிள்ளை இரண்டு

இது நடந்தது. வெள்ளைச் சேலையும் கொலுசுச் சத்தமும் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஊரே வேலை முடிந்து மெற்றோவில் இடிபட்டு வீடு திரும்புகிற நேரத்தில், மொன்றியலில் நடந்தது. றொஷினி தன் வாயால் எனக்குச் சொன்னாள். அப்போது பக்கத்து அறையில் அவளுடைய மகள் பாடிக்கொண்டு விளையாடினாள். பாட்டு நின்ற ஒவ்வொரு தடவையும் றொஷினி பேச்சை நிறுத்தினாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் அவள் சொன்னபடி.

றொஷினி மன்னாரில் பிறந்து சின்ன வயதிலேயே இங்கே வந்தவள். கத்தோலிக்கக் குடும்பம். பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பானிஷ்தான் அவளுக்குச் சோறு போட்டது. பெருவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்து இங்கே வசதியாகிவிட்டவர்களுக்கு ஒரு கட்டத்தில் பூர்வீகம் தேடும் ஆசை பிடித்துவிடும். பாட்டனுக்குப் பாட்டன் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்த பெரிய துரை என்று காட்டியாக வேண்டும். றொஷினி பழைய கோயில் பதிவுகளை வாசித்து அவர்களுக்கு வம்சாவளி எழுதிக் கொடுப்பாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் இரண்டாம் மாடி வீடு. குசினி மேசைதான் அலுவலகம். கணவன் அனுஜன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை செய்தான். ஒரே மகள் ஜெயனிக்கு நாலு வயது.

அந்தத் தை மாதம் கர்க்லாண்டில் இருக்கும் பெனாவிதெஸ் என்ற பெரு நாட்டுக்காரர் வந்து சேர்ந்தார். எட்டுத் தலைமுறை வரைக்கும் ஒரு பிசகும் இல்லை. ஒன்பதாவதில் சிக்கல். இனேஸ் என்று ஒருத்தி. 1741இல் அவளுக்கு ஞானஸ்நானம். 1745இல் அடக்கம்: நாலு வயது, மலையில் பனியில் விறைத்து இறந்தாள். அதே இனேஸ், அதே தாய் தகப்பன், 1764இல் கல்யாணம்!

இதில் பேயுமில்லை, பிசாசுமில்லை. பிள்ளை செத்தால் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். அந்தக் காலத்து ஸ்பானியக் குடும்பங்களில் இது சாதாரணம், இந்த வேலைக்கு வந்த முதல் மாதமே படிக்கிற பாடம். ஆக, இனேஸ் இரண்டு பேர். செத்தவள் அக்கா, கட்டியவள் தங்கை. ஆனால் தங்கையின் ஞானஸ்நானம் எழுதிய பக்கங்களைப் பூச்சி அரித்துவிட்டது. அது இல்லாமல் வம்சாவளி அந்த இடத்தில் அறுந்து போகும். ஸ்பானிய வம்சத்தார் சங்கம் ஒன்றில் சேரத் துடித்துக்கொண்டிருந்த பெனாவிதெஸ், அறுந்ததை வைத்துத் தான் என்ன செய்வது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் றொஷினி கணினியில் அக்காவின் ஞானஸ்நானத்தை எடுத்துத் தங்கைக்குப் போட்டாள். அக்காவின் அடக்கப் பதிவை அழித்தாள். அனுஜன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

“செத்ததெண்டு எழுதிக் கிடக்கெல்லே?”

“கிடந்தது.”

“பாவமப்பா. சின்னப் பிள்ளை.”

“முந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்தது இப்ப வந்து என்னட்டக் கேள்வி கேக்கப் போகுதே?”

இப்படியாக, பனியில் செத்த பிள்ளைக்கு ஒரு புருஷனும் ஆறு பிள்ளைகளும் அறுபது வயது ஆயுளும் கிடைத்தன. றொஷினி கணினியை மூடிவிட்டுப் புட்டுக்கு மாக் குழைக்கப் போனாள்.

ஞாயிறு பூசைக்குப் போய் வந்து மத்தியானம் சாப்பிடும்போது ஜெயனி கதிரையின் ஒரு ஓரத்தில் தொங்கிக்கொண்டு இருந்தாள்.

“நல்லா இரு பிள்ளை. விழப் போறாய்.”

“இடமில்லை அம்மா.”

கதிரையின் மற்றப் பாதி வெறுமையாகத்தான் இருந்தது. றொஷினி மகளைப் பிடித்து நடுவில் இருத்தினாள். மறுபடி பார்த்தபோது பிள்ளை ஓரத்துக்குப் போயிருந்தாள்.

பின்னேரம் குளிப்பாட்டச் சுடுதண்ணீர் நிரப்பினாள். ஆவி பறந்தது. துவாய் எடுக்கத் திரும்பி வருவதற்குள் ஜெயனி வீறிட்டுக் கத்தினாள். கையை விட்டுப் பார்த்தால்… ஐஸ் தண்ணீர்.

படுக்கப் போட்டபோது ஜெயனி பிரெஞ்சில் முணுமுணுத்தாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல அவளுக்கும் தமிழ் அம்மாவுக்காகத்தான், நித்திரை வந்தால் பிரெஞ்சுதான்.

“எல் அ ஃப்ருவா, அம்மா.” அவளுக்குக் குளிருதாம்.

“ஆருக்கு?”

“இனேஸுக்கு. என்ர ஜக்கெற்றைக் கேக்கிறா.”

றொஷினியின் கை போர்வையிலேயே நின்றது. பிறகு தன்னைத்தானே சமாதானப்படுத்தினாள். பெனாவிதெஸோடு தொலைபேசியில் அந்தப் பெயரை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், பிள்ளையின் காதில் விழுந்திருக்கும். தனக்கும் களைப்பு.

“சரி, நாளைக்குக் குடு. இப்ப படு.”

ஒரு தாய் வாயால் வந்த சொல். எல்லாத் தாய்மாரும் தினமும் பத்துத் தடவை இப்படி ஏதாவது சொல்லிப் பிள்ளையைப் படுக்க வைக்கிறார்கள்.

திங்கட்கிழமை வெளியே குளிர் மைனஸ் இருபத்திரண்டு. ஐந்து மணிக்கு றொஷினி பிள்ளையைக் கூட்டிவரக் கார்டெரிக்கு, அதாவது பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்துக்கு, போனபோதே இருட்டிவிட்டது. பிள்ளை வாசலில் தயாராக நின்றது. தொப்பி, கையுறை, ஜக்கெற்றின் ஸிப் தாடை வரைக்கும். ஜெயனிக்கு அந்த ஸிப்பைப் பூட்டத் தெரியாது. தினமும் அதற்கு ஒரு அழுகை.

“ஆர் பூட்டினது?”

“நான்தான், அம்மா.”

றொஷினிக்குப் பெருமையாக இருந்தது. கார்டெரிப் பெண்தான் அவளை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

“முற்றத்தில் விளையாடிவிட்டு உள்ளே வரும்போது எண்ணினேன், மதாம். எண்ணிக்கை சரி. பிறகு ஜன்னலால் பார்த்தால் வேலியோரம் இன்னொரு பிள்ளை. ஜக்கெற் இல்லை. உங்கள் ஜெயனி மாதிரியே… ஓடிப் போனேன். ஒருவரும் இல்லை.” சிரிக்கப் பார்த்தாள். “எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும்.”

றொஷினிக்குச் சிரிப்பு வரவில்லை. அது பின்னால் வருகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினாள்.

வீடு வந்தபோது ஐந்து இருபது. பிள்ளை சாப்பாடு வேண்டாம் என்றது. தானே போய்க் கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஐந்து முப்பத்தொன்று.

டொக்.

குசினியின் பின்கதவு. அதற்கு வெளியே பால்கனி. கீழே இருந்து இரும்புப் படி ஒன்று அங்கே ஏறி வரும். பனிக்காலத்தில் யாரும் அதைப் பாவிப்பதில்லை.

டொக்… டொக்.

சத்தம் கதவின் கீழ்ப் பாதியிலிருந்து வந்தது. இடுப்பு உயரம்.

“அம்மா… உவ்ர்… திற… குளிருது…”

ஜெயனியின் குரல்.

றொஷினி அறைக்கு ஓடினாள். கட்டிலில் பிள்ளை. சீரான மூச்சு. நெற்றி இளஞ்சூடு. அனுஜனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“கதவில ஆரோ தட்டுது. அவளின்ர குரல்…”

“பிள்ளை எங்க?”

“கட்டிலில.”

“பேந்தென்ன? திறக்காதையும்.”

“அழுகுதப்பா…”

“திறக்காதையும் எண்டுறன். நான் வாறன்.”

டொக்… டொக்.

கதவுக் கண்ணாடியின் திரையை விலக்கினாள். கண்ணாடி முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. வெளியிலிருந்து ஒரு சின்ன உள்ளங்கை அதன் கீழ் ஓரத்தில் பதிந்திருந்தது. பதிந்த இடத்தில் உறைபனி மெல்ல உருகி, தண்ணீராகக் கீழே வழிந்தது.

செத்தவளின் கை பனியை உருக்குமா? அதை அவள் அப்போது யோசிக்கவில்லை. நான் கேட்டபோதுதான் யோசித்தாள்.

“நீ ஆர்?” என்று கதவோடு கேட்டாள்.

“ஜெயனி…”

“இண்டைக்குக் கார்டெரியில என்ன சாப்பிட்டனி?”

விம்மல். மூக்குறிஞ்சும் சத்தம்.

“தெரியாது… அம்மா… திற…”

அறைவாசலுக்குப் போய், கட்டிலைப் பார்த்து அதையே கேட்டாள். பிள்ளை கண் திறக்கவில்லை.

“சோறும் கோழியும், அம்மா. கடைசியாக ஒரு அப்பிள் துண்டு.”

தெளிவான தமிழ். ஒரு சொல் பிசகவில்லை.

நாலு வயதுப் பிள்ளையிடம் கார்டெரியில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றுதான் சொல்லும். எந்தத் தாய்க்கும் இது தெரியும். றொஷினிக்கும் தெரியும். ஆனால் பயந்தவளுக்கு அந்த நேரம் தாய்ப் புத்தி வரவில்லை, தொழில் புத்திதான் வந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர். எது தெளிவாக இருக்கிறதோ, அதை நம்பு.

கணினியைத் திறந்து, சனிக்கிழமை அழித்ததை மறுபடி எழுதத் தொடங்கினாள்.

டொக்.

இனேஸ். ஞானஸ்நானம் 1741.

“அம்மா…”

அடக்கம் 1745.

டொக்… … டொக்.

நாலு வயது. பனியில் விறைத்து…

“அம்…”

சேமிக்கும் விசையைத் தட்டினாள்.

நின்றது.

ஐந்து நாற்பத்தேழு.

அனுஜன் ஆறு மணிக்கு வந்து பின்கதவைத் திறந்தான். பால்கனியில் ஒருவரும் இல்லை. காற்று பனியை வாரி இறைத்துப் படிகளை மூடியிருந்தது, கால் தடம் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. இருவரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். தப்பித்தோம் என்று அழுதார்கள். சத்தம் கேட்டுப் பிள்ளை எழுந்து வந்தது.

“ஆர் அம்மா வந்தது?”

“ஒருத்தருமில்லை, செல்லம்.”

அதன் பிறகு வீட்டில் எதுவும் நடக்கவில்லை. பிள்ளை நன்றாக வளர்ந்தது. சொன்ன சொல் கேட்டது. பிரெஞ்சு குறைந்து தமிழ் கூடியது, சொந்தக்காரர்கள் எல்லோரும் மெச்சினார்கள். இரண்டு வருடம் போனது.

பிள்ளைக்குத் தொண்டையில் ஒரு சின்னச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். சிறிது நேரத்தில் தாதி வந்து மறுபடியும் எடுத்தாள். பிறகு கணினித் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

“பிறந்தபோது எடுத்த பதிவில் ஓ வகை என்று இருக்கிறது, மதாம். இப்போது பி. இரண்டு தடவையும் பி.”

கோயிலில் இரத்ததானம் செய்தபோது அனுஜனும் றொஷினியும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள். இருவருக்கும் ஓ. இரண்டு ஓவுக்கு ஒரு நாளும் பி பிறக்காது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்திலேயே அது இருக்கிறது.

“ஒரே பெயரில் இரண்டு பதிவு,” என்றாள் தாதி. “பழையதுதான் பிழையாக இருக்கும். அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா?”

கட்டிலில் இருந்த பிள்ளை றொஷினியின் விரலைப் பிடித்துக்கொண்டது. அவளை நிமிர்ந்து பார்த்தது. பயந்த பார்வை இல்லை. என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்த பார்வை.

“ஓம்,” என்றாள் றொஷினி.

தாதிக்கு விளங்கவில்லை. றொஷினி பிரெஞ்சில் இன்னொரு தடவை சொன்னாள்.