அம்மா வாசலில் வாங்கிய அரிசி

எங்கள் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்தே ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு கலயத்தில் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் முடிந்து கோயிலுக்குக் கொண்டுபோய், காணிக்கைப் பாட்டு பாடும்போது பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கூடையில் கொட்டுவார்கள். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் வீட்டில் உலை கொதிப்பதும் அந்த அரிசியில்தான், ஆராதனை முடிந்ததும் வாசலில் வந்து நிற்கிற ஏழைகளுக்கு அளந்து போடுவதும் அந்த அரிசிதான்.

நான் பிறவியிலேயே கணக்குப் பார்க்கிறவள். ஒரு பிடி கூடுதலாக அளந்துவிட்டு அதை எடுத்துப் போட்டால் ஆயிற்றே, நம் சோற்றில் ஏன் கை வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அப்படிப் போட்டால் அது மிச்சத்தைப் போட்டது ஆகும் என்பாள். அதோடு விட்டாளா? அந்தப் பிடியை மட்டும் முறத்தில் பரப்பி, கல்லும் நெல்லும் இல்லாமல் பொறுக்குவாள். எங்கள் பங்கை அப்படியே உலையில் கொட்டுவாள். ஆண்டவருக்குப் பல் இல்லையா, கல்லெல்லாம் எங்களுக்குத்தானா என்று நான் முணுமுணுப்பேன். அப்பா சிரிப்பார். அம்மா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ஊர். யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்துக்காகக் கொட்டகை கொட்டகையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வயல் வேலையை விட்டுவிட்டு அப்பா அங்கே கூலிக்குப் போனார். கையில் காசு புழங்கியது, ஆனால் கடையில் அரிசி இல்லை. கிடைத்ததும் பாதி நொய், பாதி உமி. அந்த நேரம் பார்த்து அப்பா சாரத்திலிருந்து விழுந்து தொடையை முறித்துக்கொண்டார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, கட்டை வண்டியில் கொண்டுவந்து வீட்டில் போட்டார்கள். கூலியும் நின்றது.

நடவு முடிந்திருந்ததால் அம்மாவுக்கும் வேலை இல்லை. எங்கேயாவது வரட்டி தட்டப் போனால் கொஞ்சம் நொய் கிடைக்கும். கஞ்சியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தாவணி போட்ட வயது, பசியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடுவேன். தம்பிக்குத்தான் முடியவில்லை. விளையாடப் போகாமல் அப்பாவின் கட்டில் காலடியிலேயே சுருண்டு கிடந்தான். அப்போதும் அம்மா அந்த நொய்யிலிருந்து ஒரு பிடியைக் கலயத்தில் போட்டாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. என் விரல்களைப் பிரித்து எடுத்துவிட்டு, போட வேண்டியதைப் போட்டாள். அன்றைக்கு அவளை நான் வெறுத்தேன், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் கையில் ஒரு கோணிப்பை. உள்ளே இருப்பது அரிசி என்று பையின் தொங்கலைப் பார்த்தே தெரிந்துவிட்டது. தம்பி எழுந்து உட்கார்ந்தான். உபதேசியார் நல்ல மனிதர். வாங்குகிறவர்களுக்குக் கூச்சம் வரக் கூடாது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது. அப்பாவுக்காக ஜெபம் பண்ணிவிட்டு, பையை அம்மாவின் முன்னால் வைத்து, இது தர்மம் இல்லை என்றார். இத்தனை வருஷம் ஒரு வாரம் தவறாமல் பிடி அரிசி போட்டாய், இப்போது ஆண்டவர் அதை உனக்கே திருப்பித் தருகிறார், சபை மூப்பர்களும் அதற்காகத்தான் சம்மதித்தார்கள், நாளைக்குப் பிரசங்கத்தில் இதைச் சாட்சியாகச் சொல்லப் போகிறேன் என்றார்.

அம்மா பைக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் ஆண்டவருக்குன்னு போட்டேன், ஐயா. திரும்பி வருதுன்னு நீங்க சொன்னா, இத்தினி வருசமும் நான் எனக்கே போட்டுகினேன்னு ஆயிடும். பசிச்ச ஊட்டுக்குத் தர்மம்னு குடுங்க, கை நீட்டி வாங்கிக்கிறேன்."

உபதேசியார் திகைத்துப்போனார். மரியாதையாகச் சொன்னதாக அவர் நினைத்தார், அது அவளைச் சுட்டுவிட்டது. எப்படிச் சொன்னால் என்ன, அரிசி அரிசிதானே என்றாள் அவர் மனைவி. எனக்கும் அதேதான் தோன்றியது. சாட்சி சொன்னால் மற்றவர்களும் உற்சாகமாகப் போடுவார்களே என்று உபதேசியார் கேட்டார். திரும்பி வரும் என்று போடுகிறவர்கள் வராவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்றாள் அம்மா. மூப்பர்கள் அந்தக் கணக்கில் சம்மதித்த பை வேண்டாம், நாளைக்குக் கோயில் வாசலில் மற்றவர்களோடு நின்று வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள். அப்பா கட்டிலிலிருந்து ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்னால் சரி என்றார். பை வந்த வழியே திரும்பிப் போனது. தம்பி சத்தம் போடாமல் அழுதான். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டாள், அவள் கண்ணிலும் தண்ணீர். நான் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காணிக்கைப் பாட்டின்போது அம்மா வழக்கம்போல எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்துக் கூடையில் கொட்டினாள். பிரசங்கத்தில் உபதேசியார் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் ஒருவருக்கொருவர் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா வெளியே போய் வாசலில் நின்றாள். ஒரு பக்கம் கண் தெரியாத கிழவர், இன்னொரு பக்கம் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி, கைக்குழந்தையோடு. அந்த இரண்டு பேரும் எங்கள் சபைக்காரர்கள் இல்லை. அம்மா முந்தானையை விரித்துப் பிடித்தாள். சபைப் பெண்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நிலத்துக்காரர் வீட்டு வண்டி ஒன்று ரோட்டில் போனது, அதிலிருந்தும் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன், தம்பி என் தாவணியைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நின்றேன்.

உபதேசியார் படியால் அளந்துகொண்டே வந்தார். அம்மாவிடம் வந்ததும் அவர் கை கொஞ்சம் தயங்கியது. கூட ஒரு படி போட நினைத்தாரோ என்னவோ. அம்மா பக்கத்திலிருந்த குழந்தைக்காரியைப் பார்த்தாள். அவர் அவளுக்குப் போட்ட அளவே அம்மாவுக்கும் போட்டார். நேற்று வந்த பையில் கால்வாசி கூட இராது. என் மனசு உடனே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதில் பாதியை நாளைக்கென்று எடுத்துவைத்துவிட்டு, மீதியைச் சோறாகவே வடித்தாள், கஞ்சியாக இல்லை. புழுங்கலும் பச்சையும் நொய்யும் கலந்த அரிசி, ஒன்று குழைந்திருந்தது, ஒன்று வேகாமல் நின்றது. உப்பும் பச்சை மிளகாயும்தான் தொட்டுக்கொள்ள. அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, அம்மா கண்ணை மூடினாள். நான் மூடவில்லை. அவள்மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"இந்த அரிசியப் போட்ட ஊடுங்கள ஆசீர்வதிங்க, ஆண்டவரே. அவுங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அவுங்க கொயந்தைங்க ஒரு நாளும் பசியோட படுக்கக் கூடாது."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். காலையில்தான் அவளே அந்தக் கூடையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள். அந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். தம்பிதான் சொன்னான், சோற்றில் கையை வைத்தபடியே, அவசர அவசரமாக.