எண்ணெய் இன்ஸ்பெக்டரும் ஏகாதசிக் கிச்சடியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாய் செம்பூரில் ஒரு சாலில், அதாவது ஒண்டுக் குடித்தனக் கட்டடத்தில், இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்போதுதான் என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது என்பது தெரிந்தது. அவளுக்கு ஏழு வயது. யாரோ கொடுத்த ஒரு துண்டு கடலை மிட்டாயைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சில் விசில் கேட்டது. டாக்ஸி பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு ஆளைத் தேற்றிய டாக்டர், இது அலர்ஜி, இனி ஒரு கடலைகூட உள்ளே போகக் கூடாது, அடுத்த முறை இதைவிட மோசமாகலாம் என்றார். அலர்ஜி என்ற சொல்லை அதுவரை எங்கள் தொழிற்சாலை மேனேஜர் யூனியனைப் பற்றிப் பேசும்போதுதான் கேட்டிருந்தேன்.

பம்பாயில் கடலை படாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது, லோக்கல் ரயிலில் யார் மேலும் இடிக்காமல் போவது மாதிரி. அவலில் கடலை, சட்னியில் கடலை, பஸ் ஸ்டாப்பில் பொட்டலத்தில் கடலை. போதாததற்கு எண்ணெயே கடலை எண்ணெய்.

வீட்டு அடுப்பை என் மனைவி ஒரே நாளில் மாற்றிவிட்டாள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். பள்ளிக்கூட டப்பாவில் இட்லி, புட்டு, வாழைப்பழம். எனக்கு ஒதுக்கப்பட்ட இலாகா, வெளியில் வாங்குவது. சனிக்கிழமைதோறும் நம்மவர் கடைகள் நிறைந்த மாட்டுங்காவுக்குப் போய்க் கடை கடையாக ஏறி, இது எந்த எண்ணெயில் பொரித்தது, டின்னைக் காட்டு என்று விசாரிப்பேன். தேங்காய் எண்ணெயில் போட்ட நேந்திரங்காய் சிப்ஸ் ஒன்றுதான் தேறியது. அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். சீக்கிரமே நான் தெருமுனையில் திரும்பும்போது ஒரு கடைக்காரர் உள்ளே பார்த்து, "எண்ணெய் இன்ஸ்பெக்டர் வர்றார், டின்னை எடுத்து வெளியில வை" என்று சொல்வது காதில் விழ ஆரம்பித்தது. எனக்கு உள்ளூரப் பெருமைதான். தொழிற்சாலையில் கிடைக்காத பதவி உயர்வு மாட்டுங்காவில் கிடைத்தது.

டப்பா பத்திரமாக இருந்தது. பிள்ளைதான் வாடிப்போனாள். பள்ளியில் இடைவேளைக்குத் தோழிகள் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கரண்டி மற்றவர்களின் டப்பா மூடியில் வைப்பார்கள். எல்லோர் வீட்டுச் சாப்பாடும் எல்லோர் மூடியிலும் இருக்கும். இவள் மூடியை நீட்டக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஒரு சாயங்காலம் சொன்னாள்:

"இப்போ எனக்கு யாரும் குடுக்கவே வர்றதில்லப்பா. டப்பா என்னைத் தாண்டிப் போயிருது."

அழவில்லை. அழுதிருந்தால் ஒரு ஐஸ்க்ரீமில் சமாளித்திருப்பேன்.

அந்த வட்டத்தில் அவள் சாப்பிட ஒரே ஒரு பண்டமாவது கண்டுபிடிப்பது என்று கிளம்பினேன். ஆஷாட ஏகாதசி வந்தது. அன்று அவள் வகுப்பில் முக்கால்வாசி டப்பாக்களில் விரதச் சாப்பாடுதான் வரும். என் மூளை வேலை செய்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் விரதம் என்றால் வயிற்றைக் காயப்போடுவது, மிஞ்சிப்போனால் பாலும் பழமும். வெங்காயம், பூண்டு, அரிசிகூட விலக்கிய சாப்பாட்டில் கடலை எங்கிருந்து வரும்? ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கு அடுத்த சுத்தம் அதுதான்.

மனைவி நம்பவில்லை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். பக்கத்து வீட்டில் ஒரு மராட்டிக்கார அம்மா இருந்தார். அண்ணி என்ற அர்த்தத்தில் பாபி என்று கூப்பிடுவோம். அவரிடம் என் ஓட்டை இந்தியில், ஏகாதசிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஜவ்வரிசிக் கிச்சடி என்றார். எந்த எண்ணெயில் என்றேன். எண்ணெயே இல்லை, நெய்தான் என்றார். இன்ஸ்பெக்டர் விசாரணையை முடித்துக்கொண்டார். யார் கிச்சடி கொடுத்தாலும் சாப்பிடலாம் என்று மகளுக்கு அனுமதி வழங்கினேன். அவள் முதல் நாளே டப்பா மூடியைத் தேய்த்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

ஏகாதசி அன்று எனக்கு இரண்டாவது ஷிப்ட். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். நான் லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் டொக் டொக்கென்று இடிக்கும் சத்தம், கூடவே ஒரு வறுத்த வாசனை. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"ஏங்க, கிச்சடியில என்ன போடுவாவன்னு கேட்டியளா, எண்ணெய மட்டும் கேட்டியளா?"

"எண்ணெயத்தான்."

"அங்க உரல் நெறயக் கடலையப் போட்டு இடிச்சிக்கிட்டு இருக்காவ. அது இல்லாமக் கிச்சடியே கெடையாதாம்."

மராட்டிய விரதத்துக்கு அரிசிதான் ஆகாது, கடலை பேஷாக ஆகும். பம்பாய்க் காக்காய்க்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

ஓடினேன். கொட்டுகிற மழை. குடை எடுக்கத் தோன்றவில்லை, பேண்ட் மாட்டவும் தோன்றவில்லை. ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. பள்ளி வாசலில் ப்யூன் குறுக்கே வந்தார். இடைவேளை மணி அடித்துவிட்டிருந்தது. லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே பாய்ந்தேன்.

வராந்தாவில் வட்டம். என் மகளுக்கு முன்னால் அவளுடைய மூடி. அதில் குவியல் குவியலாகக் கிச்சடி, இடையிடையே பழுப்பாகக் கடலைத்தூள். அவள் உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். வீங்கவில்லை. வாயில் இட்லி இருந்தது.

மூச்சில் விசில் அடித்தது இந்தத் தடவை எனக்கு. மூடியைக் கைகாட்டினேன்.

"சாப்பிடலப்பா. இதுல என்னென்ன போட்டிருக்குன்னு இவங்ககிட்ட கேட்டேன். ஷேங்தானான்னாங்க. அது கடலதான?"

"ஆமா."

"அப்போ நீங்க ஏன் சரின்னீங்க?"

மாட்டுங்காவில் அத்தனை டின்னைத் திறந்து பார்த்த நான், இங்கேயும் எண்ணெயை மட்டும்தான் விசாரித்தேன் என்று ஒப்புக்கொண்டேன். மூடியைக் கழுவி, குழாயடியில் அவள் கையையும் கழுவிவிட்டேன். ஒற்றைச் செருப்போடு சொட்டச் சொட்ட நின்ற என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்க அவள் தோழிகள் பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

விஷயம் கேள்விப்பட்ட பாபி என்னைத் திட்டியதில் என் இந்தி கணிசமாக வளர்ந்தது. ஆனால் அடுத்த ஏகாதசிக்கு, கடலையை வீட்டுக்குள்ளேயே சேர்க்காமல், தேய்த்துக் கழுவிய வாணலியில் தேங்காய்த் துருவல் போட்டுக் கிச்சடி கிளறினார். கடலை இல்லாமல் ஒரு ஏகாதசியா, பாண்டுரங்கன் கேட்டால் மதராஸி பெயரைத்தான் சொல்வேன் என்று அவர் கணவர் வாசலில் நின்று புலம்பினார். நான் உள்ளே போய், என்னென்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். ஜவ்வரிசி, தேங்காய், மிளகாய், சீரகம், நெய், உப்பு என்று எண்ணிச் சொன்ன பாபி, இன்னொரு தடவை கேட்டால் கரண்டிதான் என்றார்.

அந்தக் கிச்சடி பெரிய டப்பா நிறையப் பள்ளிக்குப் போனது. மற்றப் பிள்ளைகள் அன்று தங்கள் டப்பாவைத் திறக்கவில்லையாம். சாயங்காலம் மகள் காலி டப்பாவை என் மடியில் வைத்தாள்.

"எல்லார் மூடியிலயும் நான்தான் வச்சேன்பா. என் மூடியிலயும் அதேதான்."