உரப்பையில் சுற்றிய ஸ்டியரிங் ரெக்

கராஜிலேயே விட்டுவிட்டு வரும்படி நான் சொன்னேன். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பச் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அந்த நாட்களில் என்னைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: அவர் ஏன் அந்தச் சனியனைக் கொண்டுவந்தார்?

யுத்தம் நடந்த ஆண்டுகள் அவை. நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்கு நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் வேலை. அவருக்கு அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கணக்காளர் வேலை. கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தால் குண்டசாலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அடையாள அட்டை எங்கே, பொலிஸ் பதிவு எங்கே, எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் புளித்துப் போயிருந்தது.

எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. எங்களுக்கு முன் அதை எத்தனை பேர் வைத்திருந்தார்களோ தெரியாது. பவர் ஸ்டியரிங் உள்ள கார் என்று பெருமையாகச் சொல்லித்தான் விற்றார்கள். ஒரு காலை காருக்கு அடியில் சிவப்பு எண்ணெய் தேங்கிக் கிடந்தது. அதன் பிறகு எண்ணெய் ஊற்றுவதும் அது ஒழுகுவதுமாக ஒரு மாதம் போனது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. நேர் ரோட்டு உள்ள ஊராக இருந்தால் சமாளிக்கலாம். கண்டியில் நேர் ரோட்டுக்கு எங்கே போவது? கந்தோர் அலுவலாக ஹந்தானை மலைக்கு ஏறி இறங்கிவிட்டு வருகிற நாளில் அவருக்குத் தோள்மூட்டு வீங்கிவிடும். நான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன்.

வத்தேகமவில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் மெக்கானிக்தான் எங்கள் காரைப் பார்ப்பவர். நாநா என்று கூப்பிடுவோம். கெட்டிக்காரர், ஆனால் கையைவிட வாய் வேகம். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்தார்.

"சேர், ரெக் முடிஞ்சி. சீல் மாத்தினாலும் நிக்காது. வேற ஒண்டு போடுவம்."

ரெக் என்பது முன்சில்லுகள் இரண்டையும் இடமும் வலமும் தள்ளுகிற நீளமான இரும்புத் தண்டு. குழாய்க்குள் அடங்கியிருக்கும். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை. நாநா, கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து ஜப்பானில் கழற்றிய ரெக் ஒன்றை எடுப்பித்தார். ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் காரைக் கொண்டுபோனோம்.

காலையில் தொடங்கிய வேலை. ஸ்டியரிங் சுற்றிவிடாதபடி சீட் பெல்ட்டால் அதைக் கட்டினார்கள். முன்சில்லுகளைக் கழற்றி, எண்ணெய்க் குழாய்களை அவிழ்த்து, பழைய ரெக்கைச் சில்லு இருந்த ஓட்டையால் பக்கவாட்டில் உருவி எடுத்தார்கள். கறள் பிடித்த ஆணி ஒன்று வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதற்கு நாநா சிங்களத்தில் ஏசினார். பகல் கழிந்து புதியது பூட்டப்பட்டது. எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, காற்று போகும்வரை ஸ்டியரிங்கை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகத் திருப்பினார்கள். என் கணவர் ஏறி இருந்து ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகளைப் போலச் சிரித்தார்.

அத்தோடு வந்திருக்கலாம். ஆனால் எங்கள் கராஜ்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாற்றிய சாமானைச் சொந்தக்காரரின் கையில் கொடுப்பார்கள், உண்மையிலேயே மாற்றினேன், ஏமாற்றவில்லை என்பதற்காக. மற்றவர்கள் பார்த்துவிட்டு மூலையில் போடச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்து ஆள் போடச் சொல்வாரா? பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்கள் நாங்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து றேடியோ கேட்டவர்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். எங்கள் வீட்டில் உடைந்த குடைக்கம்பிக்குக்கூட ஒரு இடம் உண்டு.

"விட்டிட்டு வாங்கோ. வைக்கிறதுக்கு வீட்டில இடமில்லை," என்றேன்.

"ஏன் விடோணும்? எங்கட சாமான். ஒரு சீல் செட் கிடைச்சால் ஆபத்துக்கு உதவும்."

"என்ன ஆபத்துக்கு? விட்டிட்டு வாங்கோ எண்டு சொல்லுறன்."

கேட்டால்தானே. எண்ணெய் டிக்கியில் ஒழுகக்கூடாது என்று, கராஜில் கிடந்த உரப்பை ஒன்றை எடுத்துச் சுற்றினார். தேயிலைத் தோட்டங்களுக்கு யூரியா வருகிற பை அது. வத்தேகமவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிடைக்கும். பிறகு இரண்டு முனையையும் நைலோன் கயிற்றால் கட்டினார். பலமுறை இடம்பெயர்ந்த மனிதர், மூட்டை கட்டுவதில் அவரை யாரும் வெல்ல முடியாது. அவ்வளவு அழகாகக் கட்டினார்.

குண்டசாலைக்கு வரும் வழியில் ஒரு சந்தியில் சோதனைச் சாவடி. வழக்கமாக அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விடுவார்கள். அன்று ஒரு இளம் பொலிஸ்காரன் டிக்கியைத் திறக்கச் சொன்னான். குண்டு செய்யலாம் என்று வடக்குக்கே விடாத யூரியாவின் பெயர் அச்சடித்த பை, அதற்குள் ஆளின் உயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த இரும்பு, வடக்கில் பிறந்ததாகச் சொல்லும் அடையாள அட்டை. "மொகக்த மே?" என்று கேட்டான். இது என்ன என்ற அந்தக் கேள்விக்கு என் கணவரிடம் பதில் இருந்தது. கந்தோரில் கோப்புக் கோப்பாகச் சிங்களம் எழுதுகிறவர் அவர். துவக்கை நீட்டியதும் எல்லாச் சிங்களமும் போய்விட்டது. "ஸ்டியரிங், ஸ்டியரிங்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

பொலிஸ்காரன் எட்டிக் காருக்குள் பார்த்தான். ஸ்டியரிங் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக இருந்தது. அதன்பிறகு யார் என்ன சொல்லி என்ன பயன்?

என்னைச் சந்தியிலேயே விட்டுவிட்டு, காரையும் கணவரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் ஓடாத குறையாக முச்சக்கரவண்டி பிடித்துப் போனேன். பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கதிரை தந்தார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் சிங்களத்தில் ஒன்றும் விடாமல் விளக்கினேன்: கார் பழையது, எண்ணெய் ஒழுகியது, இன்றுதான் மாற்றினோம், இது கழற்றிய சாமான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், இது இந்தக் காரிலிருந்து வந்ததென்றால் இந்தக் காரில் போட்டுக் காட்டுங்கள்.

"அந்த இடத்தில் இப்போது வேறொன்று இருக்கிறது," என்றேன்.

"அப்படியென்றால் அதைக் கழற்றுங்கள்."

"காருக்கு அடியில் குனிந்து பாருங்கள் சேர். இதேபோல ஒன்று பூட்டியிருக்கிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்."

குனிந்து பார்ப்பது அவருடைய வேலை அல்ல என்று சொல்லிவிட்டார். போட்டுக் காட்டும்வரை என் கணவர் உள்ளே இருப்பாராம். நான் வகுப்பில் நிறுவல் படிப்பிக்கிறவள். தரப்பட்டது, நிறுவ வேண்டியது, ஆகவே. இப்படி ஒரு நிறுவலை நான் எந்த வகுப்பிலும் கண்டதில்லை. குற்றம் செய்ததை அவர்கள் காட்டவேண்டியதில்லை. செய்யவில்லை என்று நாங்கள் காரைப் பிரித்துக் காட்டவேண்டும். அங்கேயே கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் அடி உள்ளே இருக்கிறவருக்கு விழும். வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கராஜ் பூட்டு. சோற்றுப் பார்சல் கொண்டுபோனேன். பார்சலை வாங்கினார்கள், ஆளைக் காட்டவில்லை. விசாரணை நடக்கிறதாம். எதை விசாரிக்கிறார்கள்? இரும்பையா? வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்று கேட்டார், ஏன் அவர் அதைக் கொண்டுவந்தார்? திங்கட்கிழமை லீவு கேட்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அதிபரும் அதையேதான் கேட்டார். ஏன் பிடித்தார்கள் என்று ஒரு மனிதராவது கேட்கவில்லை. மழை பெய்தால் ஏன் பெய்தது என்று கேட்பதில்லை, ஏன் குடை கொண்டுபோகவில்லை என்றுதானே கேட்பார்கள். அப்படி ஆகிவிட்டது எங்கள் நிலைமை.

வத்தேகமவுக்குப் போனேன். நாநா என்னைக் கண்டதும் முகம் வெளிறினார். கதை அவர் காதுக்கு முன்பே போயிருந்தது.

"டீச்சர், நான் சும்மா கையில குடுத்த. சேர் ஏன் அதக் கொண்டு போன?"

இவருமா? எடுத்துக் கொடுத்ததே இவர்தானே.

"நாநா, நீங்கள் வந்து பழசைப் போட்டுக் காட்டோணும். அப்பதான் விடுவினம்."

"எனக்கும் புள்ளைங்க ஈக்கி டீச்சர். நான் அங்க போனா என்னயும் புடிச்சி வெச்சிக்குவாங்க. ஒரு கடிதம் எழுதித் தரட்டா?"

"கடிதத்தைப் போட்டால் சில்லுத் திரும்புமோ?"

கராஜ் வாசலில் கிடந்த லொறி டயர் ஒன்றின் மேல், பள்ளிக்கூடத்துச் சேலையோடு, நான் இருந்துவிட்டேன். நீங்கள் வரும்வரை நான் எழும்பமாட்டேன் என்றேன். வந்து போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை தன் வாசலில் இப்படி இருக்கிறாளே என்ற வெட்கம்தான் அவரை அசைத்திருக்க வேண்டும். மனம் இரங்கி வந்தார் என்று சொல்லமாட்டேன். ஒரு பாட்டம் முணுமுணுத்துவிட்டு கார் தூக்குகிற ஜக்கையும் ஸ்பானர்ப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு தன் வான் வண்டியில் ஏறினார்.

பொலிஸ் நிலைய முற்றத்தில் நாநா மறுபடி காரைத் தூக்கினார். சனிக்கிழமை பூட்டிய அத்தனையையும் திங்கட்கிழமை கழற்றினார். பொலிஸ்காரர்கள் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் கணவரைக் கொண்டுவந்து மர வாங்கு ஒன்றில் இருத்தினார்கள். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. உதடு வீங்கியிருந்தது. நான் அவரைப் பார்த்தேன், அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒழுகுகிற பழைய ரெக் தன் இடத்தில் போய் இருந்தது. பொறுப்பதிகாரி ஒரு பொலிஸ்காரனை ஏற்றி ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினான். சில்லுகள் திரும்பின. "ஹரி", சரிதான் என்றார் பொறுப்பதிகாரி. பிறகு அவருடைய பார்வை நிலத்தில் கிடந்த மற்றத் தண்டின் மேல் போனது.

"அப்படியென்றால் இது என்ன?"

இதுவும் அதேதான் சேர் என்றார் நாநா. நல்லதைத் திரும்பப் பூட்ட விடுங்கள் என்று நான் கேட்டேன். இது கராஜ் அல்ல, போதும், போங்கள் என்றார் பொறுப்பதிகாரி. அதை டிக்கியில் போட்டுக்கொண்டு அதே சந்தியால் போவதா? நாநா தன் வானில் ஏற்றமாட்டேன் என்றார். என் கணவர் வாய் திறந்து சொன்ன முதல் சொல் "வேண்டாம்" என்பதுதான். நல்ல ரெக்கைப் பொலிஸ் முற்றத்தில் போட்டுவிட்டு, கெட்டதோடு வீட்டுக்கு வந்தோம்.

வந்ததும் அவர் நெடுநேரம் குளித்தார். நான் தேநீர் ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்குள் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. பொலிஸில் கத்த முடியாததை, அதிபரிடம் சொல்ல முடியாததை, எல்லாவற்றையும் சேர்த்து இவர் தலையில்தான் கொட்டப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். விட்டிட்டு வாங்கோ எண்டு சொன்னனா இல்லையா? அங்கிருந்துதான் தொடங்குவதாக இருந்தேன்.

அவர் வந்து கதிரையில் இருந்தார். தேநீரைத் தொடவில்லை.

"இஞ்சேரும், அது ஸ்டியரிங் ரெக்தானே?"

"என்ன கேக்கிறியள்?"

"என்ன சாமான், என்ன சாமான் எண்டு அவங்கள் கேட்டுக்கொண்டே இருந்தவங்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தன். பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்திட்டுது."

"இண்டைக்குப் போட்டுக் காட்டினதைப் பாத்தனீங்கள்தானே."

"பாத்தனான். எண்டாலும் உம்மட்டைக் கேக்கிறன்."

"ஓம்," என்றேன். "ஸ்டியரிங் ரெக்தான்."

தலையாட்டிவிட்டுக் கோப்பையை எடுத்தார். பாதி குடித்துவிட்டு அதையே இன்னொருமுறை கேட்டார்.