அறந்தாங்கிக்கு வந்த வளைகுடா நகரம்

டிக்கெட் கிழிக்கிறவன் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. பார்க்க வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறான். என்னைப் போல வாசலில் நின்றே பிழைப்பவர்கள் இதைப் படித்தால், ‘ஆமாய்யா’ என்பார்கள்.

அறந்தாங்கியில் ஒரு தியேட்டரில் எனக்கு வேலை. போன வருஷம் ஒரு படம் வந்தது. வளைகுடாவில் ஒரு பெரிய நகரம். மலையாள நர்ஸ், பாகிஸ்தான் டாக்சிக்காரர், பிலிப்பைன்ஸ் கடைப்பெண், நம்ம பக்கத்துக் கொத்தனார் என்று நாலு பேர் கதை ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு போகும். ஒரு வாரம் ஓடியது.

மொழிபெயர்ப்பாளர்

முதல் நாள் மதியம், உள்ளே யாரோ ஓயாமல் பேசுவதாக ஒருத்தர் வந்து சொன்னார். டார்ச்சோடு போனேன். பேசியவர் திருவரங்குளத்துக்காரர், வளைகுடாவில் பதினெட்டு வருஷம் டிரைவராக இருந்து திரும்பியவர். படத்தில் ஆளுக்கொரு பாஷை பேச, கீழே தமிழ் எழுத்து ஓடியது. இவர் அதைப் பார்க்காமலே இந்தியையும் அரபியையும் மலையாளத்தையும் சத்தமாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். படத்தில் முதலாளி திட்டும்போது கூடவே இவரும் திட்டினார்.

“ஐயா, கொஞ்சம் மெதுவா” என்றேன். முன்வரிசைப் பெண் திரும்பி என்னை முறைத்தார். “அவரை விட்ருங்க. எழுத்து ஓடுற வேகத்துக்கு எனக்குப் படிக்க வராது. இவரு சொல்லித்தான் அந்த நர்சு ஏன் அழுவுதுன்னே தெரிஞ்சுச்சு.”

ஆபரேட்டரின் சந்தேகம்

எங்கள் ஆபரேட்டர் எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார். படம் எப்படி என்று கேட்டேன். “நாலு நாட்டுக்காரங்க ஒரே லிப்ட்ல போறாங்க, சரி. ஒரு தடவைகூட கரண்டு போகலையே, இதை எப்புடி நம்புறது?”

வெள்ளைச் சுவர்

ஒரு பெண் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விடுவார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன். அவர் கணவர் ஏழு வருஷமாகப் படத்தில் வரும் அந்த ஊரில்தான் இருக்கிறாராம். படத்தில் தொழிலாளர்கள் தங்கும் அறை ஒன்று வரும். கட்டில் மேல் கட்டில், அதில் காயும் துணி, கட்டிலுக்கடியில் சட்டி பானை. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

“வீடியோல பேசுறப்ப எப்பவும் ஒரு வெள்ளைச் செவரு முன்னாடிதான் நிப்பாங்க. நானும் சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிருவேன். இன்னைக்கு போனைத் திருப்பிக் காட்டச் சொல்லப் போறேன்.”

ஒரே ரூம்

சனிக்கிழமை, படம் ஓடும்போதே ஒருத்தர் வெளியே வந்து தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றார். பெயர் செல்வராசு, ஊர் திருமயம். “உள்ள ஒக்கார முடியலைங்க” என்று அவராகவே ஆரம்பித்தார்.

“கோட்டைப்பட்டினத்து ஜமாலும் நானும் அங்க நாலு வருஷம் ஒரே ரூமு. அவனோட அப்பா, அத்தான்னுதான் கூப்பிடுவான், மௌத்தாப் போன சேதி மொதல்ல என் போனுக்குத்தான் வந்துச்சு. அவன் பாலைவனத்துல லாரி ஓட்டிக்கிட்டு இருந்தான். பதறிப்போய் எங்கயாச்சும் மோதிருவான்னு, திரும்பி வர்ற வரைக்கும் ரெண்டு நாள் சொல்லலை. அடக்கத்தை வீடியோலகூட அவனால பாக்க முடியலை. அன்னையிலேருந்து பேச்சில்லை. ஆறு வருஷமாச்சு.”

படத்திலும் டாக்சிக்காரர் அப்படி ஒரு சேதியை வைத்துக்கொண்டு, அறைத் தோழனிடம் சொல்ல முடியாமல் தவிப்பார். அந்த இடத்தில்தான் செல்வராசு எழுந்து வந்திருக்கிறார்.

அப்போது கதவு திறந்தது. இன்னொருத்தர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். செல்வராசு கையில் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். வந்தவர் நேராக அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“நீயும் இந்த எடத்துலதான் எந்திரிச்சு வந்தியாடா?”

செல்வராசு தலையை ஆட்டினார். ஜமால் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கித் தண்ணீர் குடித்தார். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். இடைவேளை முடிந்து மணி அடித்ததும், உள்ளே போகச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“நீங்க கதவைச் சாத்துங்கண்ணே. மிச்சத்தை நாங்க இங்கனயே பேசிக்கிறோம்” என்றார் ஜமால்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஒரு பேய்ப் படம் போட்டார்கள். ஹால் நிறைந்தது, வாசலில் என்னோடு பேசத்தான் ஆளில்லை.