மேய்ச்சல் காட்டில் உப்பு

சோலைச்சாமிக்கு யாரையும் பிடிக்காது. பங்காளியைப் பிடிக்காது, பஸ் கண்டக்டரைப் பிடிக்காது, அடுத்த வீட்டுக்காரனான என்னையும் பிடிக்காது. கூலிக்குக் களையெடுத்த குடும்பத்தில் பிறந்து, ஒற்றைப் பெட்டையாட்டில் தொடங்கி ஒரு மந்தையே சேர்த்த மனுசன். அந்த மந்தைக்கு இருந்த ஒரே நாதி, ஊருக்குக் கிழக்கே வீரசோழன் கிராமத்துக்குப் போகும் வழியில் கிடக்கும் மேய்ச்சல் புறம்போக்கு.

அதில்தான் அரசாங்கம் கடல்காரர்களைக் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் ஊரைக் கடல் தின்றுவிட்டதாம். துருவத்தில் பனி உருகுகிறது, கடல் ஏறுகிறது என்று கூட்டம் போட்டு விளக்கினார் ஓர் அதிகாரி.

"எங்கேயோ ஐஸு உருகுனா அதுக்கு எங்க ஆட்டுக் காடுதான் கெடச்சுச்சா ஒங்களுக்கு?" என்று கேட்டார் சோலைச்சாமி. அதிகாரி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் கடல்காரர்களின் தகரக் கொட்டகைகளுக்குப் போய்ப் பட்டா வாங்கித் தருவதாகச் சொன்னார். எங்கள் தெருவுக்கு வந்து அவர்களைக் காலி செய்து தருவதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் ஓட்டு விழுந்தது. ஜெயித்தபின் இந்தத் திசையிலேயே தலைகாட்டவில்லை, நாசமாய்ப் போறவர்.

கடல்காரர்களில் ரோஸி என்று ஒருத்தி. புருசனைக் கடலுக்குக் கொடுத்தவள். லோடு வண்டியில் வரும் மீனை வாங்கி, உப்புப் போட்டுக் கருவாடாக்கி விற்றுப் பிழைத்தாள். மீன் ஊறிய உப்புத்தண்ணீரைக் கொட்டகைக்குப் பின்னால் ஊற்றினாள். அவள் ஊரில் மணல் அதைக் குடித்துவிடும். எங்கள் கரிசல் குடிக்காது, குட்டையாகத் தேங்கியது. உப்பென்றால் ஆடுகளுக்கு உயிர். கோடையில் வேறு தண்ணீர் இல்லாத நேரத்தில் மந்தை அதில் வாய் வைத்தது. பாதி ஆடுகள் காலிழுத்துச் செத்தன.

"மருந்து வச்சுப்புட்டாளுக" என்று சோலைச்சாமி அழுதார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். சீமைக்கருவேல முள்ளை வெட்டி, கொட்டகைக்காரர்கள் ஊர்க்குழாய்க்கு வரும் பாதையை அடைத்தார். எங்கள் பக்கம் முள் போட்டால் போட்டதுதான். போட்டவன் எடுக்கும்வரை யாரும் தாண்டக் கூடாது. ஊர் மொத்தமும் அவர் பின்னால் நின்றது.

ரோஸி குட்டையை மண் போட்டு மூடினாள். அப்படியும் அந்த மண்ணில் உப்பு நின்றது. மிச்ச ஆடுகள் மறுபடி அங்கேயே போய் நக்கின. தேடிப்போன சோலைச்சாமியோடு நானும் போனேன். ஆடுகள் ஓர் அண்டாவில் நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"இந்தத் தண்ணி ஏது?" என்றார் சோலைச்சாமி.

"திருச்சுழியில புடிச்சு பஸ்ஸுல கொண்டாந்தேன். எம் புள்ளைகளுக்கு வச்சிருந்தது" என்றாள் ரோஸி. "ஒங்க ஆடு செத்தா மறுபடி நாங்கதான கொலகாரிக?"

"இம்புட்டு வாய் பேசுறவ ஒங்க ஊருக்கே போகவேண்டியதுதான?"

"எங்க வீட்டு அடுப்பு மேல இப்பக் கடலு கெடக்கு. போயி எங்க ஒக்கார?"

சோலைச்சாமி ஆடுகளை ஓட்டிவந்தார். வழியில் முள்ளை இழுத்து, குடத்தோடு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு விலக்கினார். அதற்குமேல் ஒரு சாண்கூட விலக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த இடுக்கு வழியே ரோஸி வந்தாள். குழாயடியில் எங்கள் பெண்கள் குடங்களை நெருக்கி வைத்து மறித்தார்கள். சோலைச்சாமி ஆட்டுக்கம்பைத் தரையில் ஊன்றி நின்றார்.

"முள்ளப் போட்டவன் நான். நாந்தான் எடுத்தேன்" என்றார். "புடிக்க விடுங்க. புடிச்சுட்டுப் போயித் தொலையட்டும்."