என்னைப் பார்த்து நின்ற மான்

பாஸ்காத் திரியை அணைத்ததும் எழுகிற மணம் மற்ற மெழுகுதிரிகளின் மணம் அல்ல. மற்றவை அணைந்தால் எண்ணெய்க் கடையின் பின்பக்கம் போல நாறும். இதில் மட்டும் கொஞ்சம் தேன் இருக்கும். போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோப்பிக்காகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, பீடத்தருகே யாரோ அந்தப் பெரிய திரியின் தலையில் அணைக்கும் தொப்பியைக் கவிழ்த்தார்கள். புகை நூலாக எழுந்து வந்து என் மூக்கைத் தொட்டது. நான் நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த வயதான அம்மா ஒருவர் என் குதிக்காலை மிதித்தார்.

“என்ன பிள்ளை, ஏதும் விட்டிட்டு வந்திட்டீரோ?”

“ஓம், ஒரு வில்” என்றேன்.

அவர் காதுக்குள் இருந்த கருவியைத் திருகிக்கொண்டார்.

உங்களுக்கு அது கோயில் மணம். எனக்கு அது நாணின் மணம். நாண் நூல் பிரியாமல் இருக்கப் பூசும் மெழுகைக் கடையில் குச்சி குச்சியாக விற்கிறார்கள். எமில் அண்ணை கடை மெழுகை நம்பமாட்டார். வருடாவருடம் உயிர்ப்புத் திருவிழாவுக்குப் புதுப் பாஸ்காத் திரி வந்ததும் பழைய திரியின் அடித்துண்டைப் பங்குச் சுவாமியிடம் கேட்டு வாங்கிவிடுவார். “என்னத்துக்கு எமில்?” என்று சுவாமி முதல் தடவை கேட்டாராம். “மான் வேட்டைக்கு, சுவாமி. வில்லு நாணுக்குப் பூச.” சுவாமி சற்று யோசித்துவிட்டு, “அப்ப சாகப்போற மானுக்கு அவஸ்தைப்பூசுதல் எண்டு வைப்பம்” என்று கொடுத்தாராம்.

எமில் அண்ணை மடுப் பக்கத்துக் காட்டோரத்தில் பிறந்தவர். இரண்டாயிரத்தின் முதல் வருடங்களில் நாங்கள் இருவரும் கர்க்லாண்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் போர்க்லிப்ட் ஓட்டினார். நான், ஓடிவரும் போத்தல்களின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்தேன். எட்டு மணித்தியாலம் மூடிகளையே பார்த்தால் ஒன்று பைத்தியம் பிடிக்கும், அல்லது கவிதை வரும். எனக்குக் கவிதை வந்தது. எது நல்லதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

வில் வேட்டைக்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஒருநாள் வகுப்பு உண்டு, பிரெஞ்சில். அண்ணையின் பிரெஞ்சு, போன்ஜூரும் மெர்சியும் போர்க்லிப்டின் பாகங்களும். அதனால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார். அப்படித்தான் வேட்டைக்குள் விழுந்தேன், மொழிபெயர்ப்புக்காரியாக.

வகுப்பெடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். நுரை றப்பரில் செய்த மான் ஒன்றைச் சுழலும் பலகையில் வைத்திருந்தார். பலகையை ஒரு தட்டுத் தட்டுவார், மான் சுற்றி ஏதாவதொரு கோணத்தில் நிற்கும். “விடலாமா, கூடாதா?” என்று கேட்பார். பக்கவாட்டில் நின்றால் விடலாம். சற்றே அப்பால் திரும்பி நின்றால் இன்னும் நல்லது. முதுகு காட்டினால் கூடாது. நேரே எங்களைப் பார்த்து நின்றால் கூடாது, கூடாது, கூடாது. மூன்று தடவை மேசையில் அடித்தார். துவக்கின் குண்டு அடித்தே விழுத்தும். அம்புக்கு அந்தப் பலம் இல்லை, அது வெட்டித்தான் கொல்லும். விலாவால் போய் இரண்டு நுரையீரலையும் கடந்தால், தனக்கு என்ன நடந்தது என்று அறியுமுன் மான் படுத்துவிடும். முன்பக்கத்தில் நெஞ்செலும்பும் இரண்டு தோளும் கதவு போல மூடியிருக்க, நடுவில் ஒரு தோடம்பழ அளவுக்குத்தான் வழி. கொஞ்சம் பிசகினால் மான் சாகாது. அம்பைக் கொண்டு திரியும்.

“உங்களைப் பாக்கிற மான் உங்கட மான் இல்லையாம், அண்ணை” என்று நான் காதோடு மொழிபெயர்த்தேன்.

“அப்ப ஆருடைய மானாம்?” என்றார் எமில் அண்ணை.

அவருக்கு அது விளங்காததில் நியாயம் இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் ஊரில் இளந்தாரியாகக் நாட்டுத்துவக்கோடு திரிந்தவர். அங்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். மான் வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும். இரண்டு கண்ணும் எரியும், நடுவில் வெடி. அவர் வாழ்நாளில் சுட்ட மான் எல்லாம் அவரைப் பார்த்து நின்ற மான்தான். பார்க்காத மானை அவருக்கு மானென்றே தெரியாது.

பரீட்சையில் இருவரும் சித்தியடைந்தோம். நான் அவரைவிட நான்கு புள்ளி கூட. அந்த வாரமே, கப்பி வைத்த பழைய வில்லொன்றை, இடக்கைக்காரர் எவரோ விற்றதை, தெரியாத்தனமாக வாங்கி, கொண்டுபோய் மாற்றி, வலக்கை வில்லாக இன்னொன்று எடுத்தேன்.

நாட்டெல்லைக்குக் கிட்ட ஓர் ஆப்பிள் தோட்டக்காரர் எங்களை அனுமதித்தார். ஒக்ரோபர் விடியலில், விழுந்து புளிக்கும் ஆப்பிள்களுக்கு மேலே, முப்பது மீற்றர் இடைவெளியில் இரண்டு மரங்களில் இரண்டு பரண். கார் அண்ணையுடையது, அனுமதி அண்ணையின் பேரில், பரணும் அவருடையது. எனக்குச் சாரதிப் பத்திரமே இல்லை. முப்பது தாண்டிய குமர் ஒருத்தி கலியாணமான ஆளோடு காட்டுக்குப் போகிறாள் என்று கதை கிளம்ப, அவருடைய மனைவி பிலோ அக்கா தானும் வருவேன் என்று வந்தா. காருக்குள் ஹீற்றரைப் போட்டுவிட்டுச் செபமாலை சொல்லுவா. “ஆருக்கு அக்கா?” என்றால், “மானுக்குத்தான். உங்களுக்கு அம்பு கிடக்கு, அதுக்கு ஆர் கிடக்கு?” என்பா.

மரத்தில் இருந்து என்ன கண்டாய் என்று கேட்கிறீர்களா? முதலில், மான்விழி என்று எழுதியிருந்த நான்கு கவிதைகளைக் கிழித்தேன். மானின் கண் கெஞ்சுவதில்லை. அது அளக்கும். இந்த நாட்டுக்கு வந்து நான் செய்ததெல்லாம் யாரோ செய் என்று சொன்னது. இது ஒன்றுதான் நானாகப் பிடித்தது. விடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டது இது ஒன்றுதான்.

முதல் வருடம் எமில் அண்ணை தன்னைப் பார்த்து நின்ற மானுக்கு அம்பை விட்டார். மான் பாய்ந்து போனது. அரை மணித்தியாலம் பொறுத்துப் பிறகு தேடினோம். ஒரு சாண் முறிந்த அம்பு, இலையில் தடவினாற்போல் இரத்தம், வேலிக்கு அப்பால் இன்னொரு துளி, பிறகு ஒன்றுமில்லை. மத்தியானம் தாண்டி, மழை வந்து இலைகளைக் கழுவும் வரை முழங்காலில் தேடினோம். திரும்பி நடக்கையில் அண்ணை சொன்னார்: “இதை ஒருத்தருக்கும் சொல்லாத, தங்கச்சி.” “சொல்லமாட்டன்” என்றேன்.

அந்த வருடம் முழுக்க மூடிகளைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டேன். நான் அன்றைக்குப் பிழையாக மொழிபெயர்த்தேனோ? தபால்காரர் மூன்று தடவை “கூடாது” என்றாரே, நான் ஒரு தடவைதான் சொன்னேனோ?

இரண்டாம் வருடம் இங்கிருந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் மான் கறி தருகிறேன் என்று அண்ணை வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று மான் முதலில் என் பக்கம் வந்தது. அதன் தலை அடிமரத்துக்குப் பின்னால் போனபோது நாணை இழுத்தேன். அது அடுத்த அடியை வைத்து வெளியே வந்து நேரே என்னைப் பார்த்தது. பதினைந்து மீற்றர். மூக்கில் ஈரம் தெரிந்தது. திரும்பு, ஒரு அடி திரும்பு என்று காத்திருந்தேன். முழுக்க இழுத்த பிறகு கப்பி வில்லின் பாரம் குறையும். குறையுமே தவிர இல்லாமல் போகாது. கை நடுங்கியது. அடுத்த மரத்தில் அண்ணையின் கை விரிந்து மூடியது: விடு, விடு. நான் நாணை மெல்ல இறக்கினேன். அந்தச் சிறு சத்தத்துக்கு மான் துள்ளி அவர் பக்கம் போய், நின்று, அவரை நேரே பார்த்தது.

அவர் விட்டார். மான் நாற்பது அடி ஓடி ஆப்பிள்களின் மேல் விழுந்தது.

போய்ப் பார்த்தேன். அந்தத் தோடம்பழ வழியாலேயே போயிருந்தது அம்பு. “பாத்தியோ?” என்றார். பிலோ அக்கா செபமாலையைக் கழுத்தில் போட்டபடி வந்து, “ஆண்டவர் கேட்டிட்டார்” என்றா. “மானுக்காக அல்லோ சொல்லுறனீங்கள்?” என்றேன். “இண்டைக்குக் குளிர், பிள்ளை. கெதியா வீட்ட போக வேணுமெண்டு சொன்னனான்.”

விழுந்தது, அதனால்? கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடந்தவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், கண்ணை மூடுவது வழியாகிவிடுமா? விழுந்த மான் எனக்குப் பதில் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு இல்-பிசாரில் அவர் வீட்டில் விருந்து. கட்டில் நிறைய வந்தவர்களின் மேலங்கிகள். கறி மிளகில் கறுத்துப் பளபளத்தது. சாப்பிட்டேன், இரண்டு தடவை. நல்ல ருசி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வேட்டை பாவம் என்று சொல்லிக்கொண்டே கோழிக்கால் கடிக்கிற என் கவிஞ நண்பர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அண்ணை நடுவில் எழும்பி என் கை நடுங்கியதை நடித்துக் காட்டினார். “எங்கட கவிஞர் மரத்தில இருந்து மானுக்குக் கவிதை வாசிச்சவ!” வீடு சிரித்தது. ஒருவர், “இரக்கமாக்கும். இரக்கமெண்டாப் பிள்ளை, சாப்பாட்டுக் கோப்பை ஏன் ரெண்டாந்தரம் நீளுது?” என்றார்.

“இரக்கமில்லை” என்றேன். “நிச்சயமில்லை. நிச்சயமில்லாட்டி நான் விடமாட்டன்.”

“விழுந்ததோ இல்லையோ? அதைச் சொல்லு” என்றார் அண்ணை.

“விழுந்தது. போன வருசத்து மானையும் சொல்லுங்கோ அண்ணை. நெஞ்சில முறிஞ்ச அம்போட போச்சுதே, அது எங்க விழுந்தது?”

பிலோ அக்காவின் அகப்பை சட்டிக்கு மேலே அப்படியே நின்றது. அவவுக்கும் தெரியாது. மழை நாள், ஒன்றும் கிடைக்கவில்லை என்றுதான் அவவிடம் சொல்லியிருந்தோம்.

வாக்கை மீறினேன். அது பிழை, ஒப்புக்கொள்கிறேன். நாணை இறக்கியது பிழை என்று மட்டும் என்னிடம் வாங்க முடியாது.

அதன் பிறகு நான் சாரதிப் பத்திரம் எடுத்தேன். வேறு தோட்டம், வேறு மரம். பல வருடத்தில் மூன்றே மூன்று மான். மூன்றின் விலாவும் எனக்கு நினைவு. என்னைப் பார்த்து நின்றவை எத்தனை என்று எண்ணவில்லை, எல்லாவற்றையும் போகவிட்டேன். இப்போது தோள் நாணை இழுக்க விடுவதில்லை. அந்த ஆப்பிள் தோட்டத்தில் ஒரே மாதிரி வீடுகள், வாசலுக்கு வாசல் கூடைப்பந்து வளையம். மருந்துத் தொழிற்சாலையில் இப்போது மூடி பார்க்க ஆள் தேவையில்லை. அண்ணை குடும்பம் ஒன்ராறியோவுக்குப் போனது. பிலோ அக்கா காலமாகி இரண்டு பனிக்காலம் என்று கோயிலில்தான் கேள்விப்பட்டேன். சொல்லி அனுப்ப யாரும் நினைக்கவில்லை. மானுக்காகச் செபமாலை சொல்ல இனி யார் இருக்கிறார்கள்?

அந்த விருந்து வீட்டின் வாசல்படி மட்டும் என் மனதைவிட்டுப் போகவில்லை. விருந்திலிருந்து மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணை கார்த் திறப்போடு பின்னால் வந்து நின்றார். ஒரு வருடம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அண்ணை, வகுப்பில நான் சொன்னது உங்களுக்குப் பிழையா விளங்கிட்டுதோ?”

“வடிவா விளங்கினது. நீ நல்லாத்தான் சொன்னனீ.”

“பேந்து ஏன் விட்டனீங்கள்?”

“அது என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது, தங்கச்சி. பாக்கிற மானை விட்டிட்டு நான் எப்பிடி இறங்கி வாறது?” திறப்பைக் கையில் உருட்டினார். “சரி, ஏறு. கொண்டுபோய் விடுறன்.”

“வேண்டாம். பஸ்ஸில போறன்.”

“ஞாயிற்றுக்கிழமை. மணித்தியாலத்துக்கு ஒண்டுதான் வரும்.”

“வரட்டும் அண்ணை. எனக்கு நிண்டு பழக்கம்.”